பைப்புழு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா. தோட்டத்து மரத்தில் சுள்ளிக்கட்டு மாதிரி ஏழெட்டு தொங்கின. காய்ந்த குப்பை என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒன்று நகர்ந்தது! படமெடுத்தேன், எதுவும் தெளிவாக இல்லை. ஒன்றைப் பிளேடால் கீறினேன், உள்ளே கொழுத்த புழு. இது என்ன இனம்? மருந்து அடிக்கணுமா? எந்த லென்ஸ் வாங்கலாம்?
ச.

அன்புள்ள ச.,

பைப்புழுதான், பட்டால் பை கட்டி அதற்குள்ளேயே வாழும் அந்துப்பூச்சியின் புழு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, இந்தப் படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஏழெட்டுக்கு மருந்து வேண்டாம், கிளை மொட்டையாகிற அளவுக்குப் பெருகினால் கையாலேயே பறித்துவிடலாம். லென்ஸ், இருப்பதே போதும்.

ஆனால் பிளேடை ஏன் எடுத்தீர்கள்? முட்டையிலிருந்து வந்ததுமே நூற்க ஆரம்பித்து, உடம்பு வளர வளர வாய்ப்பக்கம் பட்டு சேர்த்து, சுள்ளி சுள்ளியாகக் கடித்து ஒட்டிய வீடு அது. ஒரு நொடியில் கீறிவிட்டீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது.

பத்து வயதில் நானும் தம்பியும் ஆளுக்கொரு பையைக் குச்சியோடு ஒடித்து வந்து ஜன்னல் கம்பியில் கட்டினோம். அவனுடையதில் ஒருநாள் கீழ்முனையில் கூட்டுப்புழுவின் பழுப்பான காலித்தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே கருத்த அந்துப்பூச்சி. என்னுடையதில் வாரக்கணக்காக ஒன்றும் இல்லை. செத்துவிட்டது, தூக்கி எறி என்றான் தம்பி. மனசு வரவில்லை. பிறகு ஒரு காலையில் அம்மா கூப்பிட்டாள். பையின் அடியிலிருந்து மிளகுத்தூள் மாதிரி கறுப்புக் குட்டிப் புழுக்கள், ஒவ்வொன்றும் ஓர் இழையில் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பல வகைகளில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, பையை விட்டு வெளியே வருவதும் இல்லை, ஆண்தான் தேடி வரும், பையின் கீழ்வாய் வழியாகவே கூடும், அவள் உள்ளேயே முட்டையிட்டு உள்ளேயே செத்துப்போவாள் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று எறிந்திருந்தால்? இன்றும் நினைத்தால் பதறுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளே இருப்பதைப் பார்க்க அறுக்க வேண்டியதே இல்லை. கீழ்முனையில் அந்தத் தோல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் பறந்துவிட்டது என்று அர்த்தம். புழுவைப் பார்க்கணுமா, காற்று அடங்கிய நேரமாக டிரைபாடை வைத்து, பையின் மேல்வாய்க்கு ஃபோகஸ் செய்துவிட்டு சும்மா உட்காருங்கள். தொட்டீர்களானால் உள்ளே இழுத்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்ளும். அரைமணியோ ஒரு மணியோ ஆகட்டும், பளபளப்பான தலை வெளியே வரும், மூன்று ஜோடிக் கால்களால் இலையைப் பற்றி, மொத்த வீட்டையும் தொங்கவிட்டபடி தின்னும்.

மிச்சமிருப்பவற்றின் கீழ்முனைகளை எடுத்து அனுப்புங்கள். எதிலாவது தோல் நீட்டியிருக்கிறதா என்று பார்க்கணும்.