குறை பிரதியிலா, படத்திலேயா?

கேள்வி: 1966-இல் வந்த 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' பேய்ப் படத்தைப் பார்த்தேன். படம் ஒரே மங்கல்; உதட்டசைவோடு குரல் ஒட்டவில்லை; காட்சிகள் வெடுக்கென்று அறுந்துபோகின்றன. என்னிடம் இருப்பது பழுதான பிரதியா? வேறு நல்ல பிரதி கிடைக்குமா?

பதில்: மங்கலுக்கு மட்டும் பிரதியை நொந்துகொள்ளுங்கள். மற்ற இரண்டும் படத்தோடு பிறந்தவை. எந்தப் பிரதியை வாங்கினாலும் கூடவே வரும்.

அமெரிக்காவின் எல் பாசோ நகரத்து உர வியாபாரி ஹெரால்ட் வாரன் ஏறத்தாழ 19,000 டாலரில் எடுத்த படம் இது. வழிதவறிய ஒரு குடும்பம், மானோஸ் என்ற தீய தெய்வத்தைக் கும்பிடும் 'மாஸ்டர்' வீட்டில் போய் மாட்டிக்கொள்கிறது. (மானோஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கைகள். தலைப்பிலேயே கை இரண்டு முறை வந்துவிடுகிறது!) வாரனிடம் இருந்ததோ சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா. ஒரு சாவிக்கு 32 விநாடிதான் ஓடும். அதற்குமேல் ஒரு ஷாட்டை நீட்டவே வழியில்லை. ஒலியும் அதில் பதிவாகாது. பிறகு மூன்று நான்கு பேர் மட்டும் உட்கார்ந்து அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். சிறுமி வாயைத் திறந்தால் வளர்ந்த பெண்ணின் குரல் வருவது அதனால்தான். எனக்குப் பிடித்த இடம் வேறு: இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் காரிலிருந்து இறங்கும் போலீஸார், நாலடி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விளக்கு வெளிச்சம் அவ்வளவு தூரம்தான் எட்டியது.

இனி மங்கல். திரையரங்குக்காக 16 மி.மீ. படத்தை 35 மி.மீ. சுருளுக்குப் பெரிதாக்கியபோது கூர்மை போனது, ஓரங்களும் வெட்டுப்பட்டன. வீடியோவில் பல ஆண்டுகள் சுற்றியது அதன் வாரிசுதான். 2011-இல் பென் சோலோவி என்பவர் வாங்கிய பழைய சுருள்களுக்கு நடுவே, படத்தொகுப்புக்குப் பயன்பட்ட 16 மி.மீ. பிரதி அகப்பட்டது. அதிலிருந்து புதுப்பித்த ப்ளூ-ரே 2015-இல் வெளியானது. அதைத் தேடி வாங்குங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. மாஸ்டர் கைகளை விரித்து நிற்கும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். கறுப்பு அங்கியில் உள்ள சிவப்பு விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் புதுப்பித்தது. சிவப்பும் கறுப்பும் ஒன்றாகக் குழம்பியிருந்தால் பழையது. திரையின் அடியில் மூன்று நிழலுருவங்கள் உட்கார்ந்து நக்கலடித்தால், அது 1993-இல் இந்தப் படத்தைக் கேலி செய்து ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சி. சிரிக்க அதுவே போதும்; படத்தை மட்டும் பார்க்க உதவாது. பழைய மங்கல்தான் பயத்தைக் கூட்டுகிறது என்று தோன்றினால், 35 மி.மீ. வடிவமும் அதே ப்ளூ-ரேயில் இருக்கிறது.