விடுதலையாகி வரும் அரசியல் கைதியின் வீட்டில் யூடியூப் கமராக்கள் மொய்ப்பது ஏன்? வீட்டார் என்ன செய்யலாம்?

காசுதான். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, பாதி ஆயுளை உள்ளே கழித்தவர் யாழ்ப்பாணம் திரும்பும்போது தாய் கட்டிப்பிடித்து அழுவாரே, அந்தக் காட்சியைப் புலம்பெயர்ந்த சனம் திரும்பத் திரும்பப் பார்க்கும். அதனால் படலை திறக்குமுன்பே மைக்கை நீட்டுவார்கள். ஒரு வாய் சோறு தின்ன விடமாட்டார்கள். "உள்ளுக்கை அடிச்சவங்களோ அண்ணை?" என்ற கேள்வி வேறு! உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கும் அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

சரி, வீட்டார் வரும் நேரத்தை வெளியே சொல்லாமல் இருக்கலாம். பிணையில் வந்தவர் என்றால் சட்டத்தரணியைக் கேட்காமல் பேட்டி வேண்டாம், வாய்தவறிச் சொல்வது வழக்கைப் பாதிக்கும். பிள்ளைகளின் முகத்தை எடுக்காதே என்று நேரே சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.