கோத்தகிரிக் கூட்டத்தில் கேட்ட துப்பாக்கிக் கேள்விகள்

கோத்தகிரியில் மலைக்காய்கறி போடுகிறவர்கள் சிலர் கூடியபோது, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சந்தேகங்களைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குன்னூரில் ஒரு கடையில் முப்பத்தைந்து வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். வேட்டைக்காரன் இல்லை. நேரம் போதாமல் சிலர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கோத்தகிரி: என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறான். 22-250 ரைபிளுக்குக் கார் ஷெட்டிலேயே தோட்டா நிரப்புகிறான். சுட்ட கூட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறானாம். நாமும் செய்யலாமா அண்ணே?

கூடாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்கிற இயந்திரமும்கூட அதில் அடங்கும். உங்கள் கையிலிருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம். தயாரிக்கும் உரிமம் வேறு. மச்சான் ஊருக்கு வரும்போது தோட்டா நிரப்பும் அந்தக் கைப்பிடி அழுத்தியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால், விமான நிலையத்திலேயே வம்பு ஆரம்பிக்கும்.

ஆனால் அவர் செய்வது என்ன என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை, அது அழகான வேலை. தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி விடும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மூன்று போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். விலை கூடினதும் அதுதான். வெடிக்கும்போது கூடு ஊதி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அச்சில் இட்டு அதைப் பழைய அளவுக்கு அமுக்கி, நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சமன் செய்து, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுவார்கள். தன் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கடைத் தோட்டாவை விட அது குறி தவறாமல் போவது உண்மைதான். சொல்லப்போனால் 22-250 என்பதே இப்படி ஆர்வக்காரர்கள் பட்டறையில் பிறந்த பிள்ளை. வேறொரு தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி அவர்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்ததை 1965இல்தான் ரெமிங்டன் கம்பெனி கடைச் சரக்காக்கியது.

ஊட்டி: மருந்து ஒரு சிட்டிகை கூடினால்தான் என்ன? கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதானே?

சிட்டிகை என்ற அளவே இந்தத் தொழிலில் கிடையாது தம்பி. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று அரிசி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். 22-250க்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். இரண்டாயிரம் டயர் அழுத்தத்தைக் கன்னத்தில் சாய்த்துக்கொண்டுதான் சுடுகிறோம். முகத்துக்கும் அதற்கும் நடுவே இருப்பது எஃகுப் பூட்டும், காகிதம்போல மெலிந்த பித்தளையும்.

மருந்து கூடினால் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வேகமாக எரியும் மருந்தும் மெதுவாக எரியும் மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டப்பா மாறினால் முடிந்தது கதை. கூட்டைப் பலமுறை நிரப்பினால் அடிப்பக்கம் உள்ளே தேய்ந்து, வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். அடுத்த முறை அது அங்கேயே அறுந்து, புகை பின்பக்கமாகக் கண்ணை நோக்கி வரும். பழகியவர்கள் கண்ணாடி அணியாமல் சுட மாட்டார்கள்.

கேத்தி: கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறோம், ராத்திரிப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது. அந்த 22-250 மாதிரி வேகமான சின்ன ரைபிள் ஒன்று இருந்தால் தூரத்திலிருந்தே தீர்த்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா ஐயா?

இந்தக் கேள்விக்காகவே கூட்டத்துக்கு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரைபிள் எதற்காகப் பிறந்தது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கச் சமவெளியில் மண்ணுக்குள் வளை தோண்டும் சின்னப் பிராணிகள் உண்டு, நம் பெருச்சாளியை விடச் சற்றுப் பெரியவை. மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும். இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி சின்னதாக நிற்கும் ஒன்றைத் தொட, குண்டு வளையாமல் நேராகப் போக வேண்டும். அதற்காகக் குண்டைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்டினார்கள். குண்டின் எடை 55 கிரெயின், மூன்றரை கிராம்தான். வேகம் வினாடிக்கு 1,100 மீட்டருக்கு மேல். குழலுக்குள் இருக்கும் முறுக்குக் காடிகளால் நிமிஷத்துக்கு 1,80,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. குண்டின் மேல்தோல் மெல்லியது, பட்டதும் தூள் தூளாகச் சிதறும்படி செய்தது. மண்ணில் பட்டுத் தெறித்து எங்கேயோ போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இப்போது அதைப் பன்றிமேல் யோசியுங்கள். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் கேடயம் மாதிரி தடித்த தோல் இருக்கும். குண்டு அதன் மேலேயே சிதறிவிடும். அகலமான காயம், ஆழமில்லாத காயம். பன்றி சாகாது, கோபத்தோடு தேயிலைக்குள் புகுந்துகொள்ளும். காலையில் கொழுந்து பறிக்க அங்கே போவது யார்? நம் வீட்டுப் பெண்கள்.

இன்னொன்று, குண்டு குறி தப்பினால்? அங்கே பின்னால் பத்து மைல் வெறும் புல். இங்கே கேரட் தோட்டத்துக்குக் கீழே அடுத்த படிக்கட்டு, அதற்குக் கீழே ஹட்டி என்கிற படகர் குடியிருப்பு, அதற்குக் கீழே பஸ் போகிற ரோடு. சாதாரண பாயிண்ட் 22 தோட்டாவே ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியில் எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். அந்தப் பெட்டியைப் படிக்காமல் கிழிக்கிறோம். மூடுபனியில் எதிரே எது நிற்கிறது என்றும் தெரியாது, அதன் பின்னால் எது இருக்கிறது என்றும் தெரியாது.

அப்புறம் சட்டம். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது, நாமாகச் சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நம் மாவட்டத்தில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி யாருக்குத் தோட்டம் இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் மறுப்பு இல்லை. ஆனாலும் கோபத்தில் துப்பாக்கி எடுப்பவருக்கும், தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைப்பவருக்கும், கரண்டு கம்பி இழுப்பவருக்கும் முடிவு ஒன்றுதான். அவுட்டுக்காயைப் பன்றி மட்டும் கடிப்பதில்லை, யானைக் குட்டியும் கடிக்கிறது. சூரிய மின்வேலி போடுங்கள். 2023இல் அதற்கும் விதிகள் வந்துவிட்டன, பதிவு செய்துகொண்டு போடுங்கள்.

குன்னூர், ரைபிள் சுடப் பழகும் மாணவி: கோவையில் சரியாகப் படுகிற குண்டு ஊட்டியில் சற்று மேலே படுகிறது. என் தப்பா, மலையின் தப்பா?

கொஞ்சம் மலையும் காரணம், மகளே. ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பருப்பு வேக நேரமாகிற அதே காரணம். எதிர்க்காற்று மெலிந்தால் குண்டு வேகத்தைக் குறைவாக இழக்கும், குறைவாகத் தாழும். ஆனால் 50 மீட்டரில் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. அங்கேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு மேலே படுகிறதென்றால் மலையை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். மேட்டை நோக்கிச் சுட்டாலும் பள்ளத்தை நோக்கிச் சுட்டாலும் குண்டு மேலேதான் படும் என்பதையும் மனதில் வையுங்கள். 30 பாகைச் சரிவில் 200 மீட்டர் என்றால், புவியீர்ப்புக்கு அது 173 மீட்டர்தான்.

கூடலூர்: பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த தோட்டாக்களின் கழுத்தில் விரிசல். சுடவே இல்லை. கம்பெனியின் கோளாறா?

பெட்டி எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்டேன். "உரக் கொட்டகையில், அலமாரிக்குள் பூட்டித்தான் வைத்திருந்தேன்" என்றார். பக்கத்தில் கோழி எரு மூட்டை, அமோனியம் சல்பேட், சுண்ணாம்பு. சிரித்துவிட்டேன், பாவம் அவர் முகம் சுருங்கிப்போனது.

இது நூறு வருஷத்துக்கு முந்தைய வியாதி, அதுவும் நம் நாட்டில் கண்டுகொண்ட வியாதி. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தை ஒட்டி வைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் தொடாமலே பித்தளை வெடித்துக் கிடக்கும். மழைப் பருவத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள், காரணம் தெரியவில்லை. 1921இல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. கூட்டுப் பித்தளையில் சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இழுத்து வடிவமைக்கும்போது அதன் உடம்புக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்து அந்த இறுக்கம் உள்ள இடமாகப் பார்த்துத் தின்னும். இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்தினால் தடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். சில தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் தெரியும். அழுக்கு இல்லை, அந்தச் சூட்டின் தழும்பு.

சுண்ணாம்பும் அமோனியம் உரமும் சிந்திக் கலந்தால் அமோனியா கிளம்பும். கோழி எரு தானாகவே கிளப்பும், மூக்கே சொல்லும். அதனால் கூடலூர் மழைக்கு உரக் கொட்டகையை விடக் கெட்ட இடம் தோட்டாவுக்குக் கிடையாது. விரிசல் விட்ட அந்தப் பெட்டியைச் சுட்டுத் தீர்க்க நினைக்க வேண்டாம், உரிமம் உள்ள கடையில் ஒப்படையுங்கள். பளபளப்புக்காகப் பித்தளைப் பாலிஷ் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பல பாலிஷ்களில் அமோனியா இருக்கிறது. குத்துவிளக்குக்குப் போடுங்கள், தோட்டாவுக்கு வேண்டாம்.

வெலிங்டன்: பக்கத்திலேயே அருவங்காடு. வெடிமருந்து ஊரில் இருந்துகொண்டு ஒரு பெட்டி தோட்டாவுக்குக் கோவைக்கு ஓடுகிறோமே!

கரும்பாலை வாசலில் மைசூர்பாகு கேட்கிற மாதிரி. அங்கே செய்வது குண்டைத் தள்ளும் மருந்து, அதுவும் அரசுக்கு. 1900களின் தொடக்கத்தில் கார்டைட் செய்யவே தொடங்கிய தொழிற்சாலை அது. கார்டைட் பார்க்கச் சேமியா மாதிரி நீள நீளமாக இருக்கும். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, அதோடு கொஞ்சம் வாசலின். ஆமாம், உதட்டில் தடவுகிற வாசலின்தான். குழல் தேயாமல் இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். மருந்து கெடாமல் வைத்திருக்கவும் அது உதவுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2021 அக்டோபரிலிருந்து தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. உங்களுக்குக் கோவைதான்.

எடப்பள்ளி: தோல் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தும் இரட்டைக்குழல் துருப்பிடிக்கிறது.

உறைதான் குற்றவாளி. தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்கு ஊட்டுகிறது. எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் வெறுமனே நிறுத்துங்கள். பனியிலிருந்து உள்ளே கொண்டுவந்த உடனே துடைக்காதீர்கள், குளிர்ந்த இரும்பு வியர்க்கும். வியர்த்து முடிந்தபின் துடையுங்கள்.

குன்னூர்: ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாமே, மயிலை விரட்ட அது போதுமா?

0.177 அங்குல வாய், 20 ஜூலுக்குள் என்றால் உரிமம் வேண்டாம். மயிலைச் சுட்டால் ஜெயில். தகரம் தட்டுங்கள்.

கொடைக்கானல், பூம்பாறைப் பக்கம்: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பச்சை பூத்த தோட்டாக்கள் முப்பது நாற்பது இருக்கின்றன. துப்பாக்கி எப்போதோ போய்விட்டது. பூண்டு மூட்டையோடு கிடக்கட்டுமா, காட்டில் புதைத்துவிடவா அண்ணா?

இரண்டும் வேண்டாம். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் உரிமம் இல்லாவிட்டால் குற்றமே. புதைத்தால் நாளைக்கு மண்வெட்டி போடுகிறவன் தலையில் விடிகிறது. பெட்டியைக் குலுக்காமல், குறட்டால் குண்டைப் பிடுங்கிப் பார்க்காமல், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். மூடியைத் திறந்ததும் புளித்த அமில வாடை அடித்தால் உள்ளே மருந்து அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதைக் கையாலேயே எடுக்க வேண்டாம். காவல் நிலையத்துக்கு நீங்களாகவே போய், தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் அதையும் காட்டி, எழுத்தில் கொடுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.