1945: போர் யாருக்கு முடிந்தது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘1945 செப்டம்பரில் ஆசியாவில் போர் நிற்கவில்லை, ஆள்தான் மாறியது’ என்று ஒரு வரி வருகிறது. செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்தது, அக்டோபரில் ஐ.நா. பிறந்தது, நவம்பரில் நாஜித் தலைவர்கள்மீது நூரம்பர்க் விசாரணை தொடங்கியது என்பதே நாங்கள் படித்த வரிசை. தங்கள் வரி சற்று மிகையாகத் தோன்றுகிறது. விளக்க முடியுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் வரிசை சரியானதுதான். அதே தேதிகளுக்குப் பக்கத்தில் ஜாவாவின் தேதிகளையும் வைத்துப் பாருங்கள். டச்சுக்காரர்களின் காலனியாக இருந்து, போரில் ஜப்பானியர் கைப்பற்றிய இந்தோனேசியாவின் தீவு அது. ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 24 அன்று. மறுநாளே பிரிட்டிஷாரின் 49ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேட் சுரபயா துறைமுகத்தில் இறங்கியது. அக்டோபர் 30 அன்று அதன் தளபதி மல்லாபி அந்நகரின் தெருவில் கொல்லப்பட்டார். நவம்பர் 10 முதல் விமானங்களும் கப்பல்களும் குண்டு வீச, ஏறத்தாழ மூன்று வாரம் தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. நூரம்பர்க்கில் விசாரணை தொடங்கிய நவம்பர் 20 அன்றும் சுரபயாவில் துப்பாக்கிகள் ஓயவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? ஜப்பான் பணிந்துவிட்டதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்த ஆகஸ்ட் 15க்கும், பிரிட்டிஷ் படைகள் ஜகார்த்தாவில் வந்திறங்கிய செப்டம்பர் இறுதிக்கும் இடையே ஒன்றரை மாதம் ஜாவாவில் யார் ஆள்வது என்பதற்கே விடையில்லை. அந்த இடைவெளியின் தொடக்கத்திலேயே, ஆகஸ்ட் 17 காலையில், சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்துவிட்டார்கள். அறிக்கை இரண்டே வாக்கியங்கள். அதன் வாசகம் முந்தைய இரவில் மயேதா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் வீட்டில் எழுதப்பட்டது. ஆண்டு ‘05’ என்று அதில் தட்டச்சாகியிருக்கிறது. ஜப்பானியப் பேரரசின் 2605ஆம் ஆண்டு. அடிமைத்தளையை அறுக்கும் தாளிலேயே ஆக்கிரமித்தவனின் நாட்காட்டி ஒட்டிக்கொண்டிருப்பதை வேறு எந்த ஆவணத்தை விடவும் அந்த மாதங்களின் சரியான படமாக நான் கருதுகிறேன்.

பிரெஞ்சுக் காலனியாக இருந்த வியட்நாமிலும் இதே கதைதான். டோக்கியோ விரிகுடாவில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான அதே செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். ஆனால், ஜப்பானியரின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பை 16ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே சீனருக்கும் தெற்கே பிரிட்டிஷாருக்கும் போட்ஸ்டாம் மாநாடு ஏற்கெனவே பங்கிட்டிருந்தது. சைகோனுக்கு வந்த ஜெனரல் கிரேசி, சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களுக்கு ஆயுதம் கொடுத்தார்; அவர்கள் செப்டம்பர் 23 அன்று நகர அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். ஆள்பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஆயுதம் களையப்பட வேண்டிய ஜப்பானிய வீரர்களையே வியட்நாமியருக்கு எதிராகக் காவலுக்கும் சண்டைக்கும் பயன்படுத்தினார். எனவே என் வரியில் மிகையில்லை, குறையே உண்டு. ஆள்கூட முழுதாக மாறவில்லை.

பிரிட்டிஷார் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜாவா முகாம்களில் டச்சுப் பெண்களும் குழந்தைகளும் பட்டினியால் வாடிக்கொண்டிருந்தார்கள்; அவர்களை ஆயுதமேந்திய உள்ளூர் இளைஞர் குழுக்கள் தாக்கிக் கொன்றதும் உண்மை. அவர்களை மீட்க யாராவது போகத்தான் வேண்டியிருந்தது. மீட்கப் போன படையின் முதுகுக்குப் பின்னால் பழைய காலனி ஆட்சியும் திரும்பி வந்ததுதான் சிக்கல்.

இதில் இந்தியச் சிப்பாயின் நிலை தனித்துப் பேசப்பட வேண்டியது. நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீது ராஜத்துரோக விசாரணை தொடங்கியது. ஜப்பான் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட, மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் அவர்கள். அதே வாரத்தில்தான் விசுவாசமான இந்தியச் சிப்பாய், இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்க சுரபயாவில் நிறுத்தப்பட்டிருந்தான். இந்த முரண் யார் கண்ணுக்கும் தப்பவில்லை. ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களைப் புறக்கணித்த தொழிலாளர்களுடன் இந்திய மாலுமிகளும் சேர்ந்தார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் மோசமான சாப்பாட்டில் தொடங்கிய கடற்படைக் கிளர்ச்சியின் கோரிக்கைப் பட்டியலில், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் ஒன்று.

அந்தப் படைகள் முழுமையாகக் கிளம்ப 1946 நவம்பர் ஆயிற்று. டச்சுக்காரர்கள் ஆட்சியுரிமையைக் கையளித்தது 1949 டிசம்பர் 27 அன்றுதான்.