மேடையில் கிற்றார் பெடல் இரைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. என்ன செய்யலாம்?

முல்லைத்தீவுப் பக்கம் திருவிழாக்களுக்கு வாசிக்கும் இசைக்குழு, ஐந்து பெடல் (கிற்றார் சத்தத்தை மாற்றும் மிதிபெட்டி), வீட்டில் ஓரளவு சரி, ஜெனரேற்றர் மேடையில் ஒரே இரைச்சல், நடுப்பாட்டில் சத்தம் அறுந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். "பெடல் பழுது, புதிதாக வாங்கு" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். வாங்காதீர்கள். இரைச்சல் வேறு, அறுந்துபோவது வேறு. இரண்டையும் ஒன்றாகத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

முதலில் இரைச்சல். பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிற்றாரை நேரே அம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். அப்போதும் இரைந்தால், கிற்றாரைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்கேற்ப இரைச்சல் கூடிக் குறைந்தால் அது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்), பக்கத்திலுள்ள ட்ரான்ஸ்போமரையோ ஃபான் ரெகுலேற்றரையோ பிடிக்கிறது. தள்ளி நில்லுங்கள், அவ்வளவுதான். நேரே கொடுக்கும்போது அமைதி என்றால், புது 9 வோல்ற் பற்றரி போட்டு ஒவ்வொரு பெடலாகச் சேர்த்து வாருங்கள். பற்றரியில் அமைதி, அடப்டரில் இரைச்சல் என்றால் பெடலில் குற்றமில்லை.

காதாலேயே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அடப்டருக்குள் டயோட்டுகளைத் தாண்டி வடிகட்டப்படாமல் மிஞ்சும் அலை 100 ஹேர்ட்ஸ். தடித்த ஈ தந்தியின் மூன்றாம் கட்டில் வரும் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். இரைச்சல் அந்தச் சுரத்தோடு ஒட்டி நின்றால் மலிவு அடப்டரின் வடிகட்டல் போதவில்லை. ஒரு ஸ்தாயி கீழே நின்றால் பிக்கப் அல்லது எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த் வயர்கள் ஒன்றோடொன்று வளையமாக இணைவது. (எர்த் சுற்றிலும் மேற்சுரங்கள் கலந்து வரும், ஜெனரேற்றரின் வேகம் ஏறி இறங்கினால் சுரமும் அசையும் என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். உண்மைதான். அதனால்தான் பற்றரிச் சோதனையை முதலில் சொன்னேன்.) கீச்சென்ற மெல்லிய சத்தம் என்றால், எதிரொலி தரும் டிஜிற்றல் டிலே பெடலும் சத்தத்தைக் கரகரக்கவைக்கும் ஓவர்டிரைவ் பெடலும் ஒரே அடப்டர் வயரைப் பங்கிடுகின்றன. டிலேக்குத் தனி அடப்டர் கொடுத்தால் நிற்கும்.

கீபோட் வயரைப் பிடுங்கியவுடன் இரைச்சல் நின்றால் அது எர்த் சுற்று. எல்லாரும் ஒரே பிளக் பலகையில் இருந்து மின் எடுங்கள். மிக்ஸருக்குப் போகும் வயரில் டி.ஐ. பெட்டி (கருவியை மிக்ஸருக்கு இணைக்கும் இடைப்பெட்டி) ஒன்று போடுங்கள், அதில் சத்த வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிப்ட் சுவிச் இருக்க வேண்டும்.

இதில்தான் எனக்கு ஆத்திரம். வாடகை ஒலிபெருக்கிக்காரர் பலர் பிளக்கின் எர்த் முள்ளை முறித்துவிட்டு "இரைச்சல் போச்சு" என்பார்கள். போகும்தான். ஆனால் பெட்டியில் மின் கசிந்தால் அது போக உங்கள் உடம்பைத் தவிர வேறு வழியில்லை. தந்தியில் கை, மைக்கில் உதடு, கோயில் வீதியின் ஈர மணலில் வெறுங்கால். எர்த் இல்லாத மைக்கைத் தொட்டுத்தான் 1972இல் சுவான்சி மேடையில் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி இறந்தார். "நாங்கள் வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறோம்" என்பது பதிலாகாது. முறித்த பிளக்கைக் கண்டால் வாசிக்க ஏறாதீர்கள்.

பெடல்களுக்கு ஜெனரேற்றரே வேண்டாம் என்பது என் எண்ணம். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி, அதை நிலையான 9 வோல்றாக இறக்கும் 7809 ரெகுலேற்றர் ஒன்று, அதன் உள்வழியில் 0.33, வெளிவழியில் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர், பற்றரியின் நேர் முனையில் 1 அம்பியர் ஃபியூஸ். ஐந்து பெடலும் சேர்ந்து 300 மில்லிஅம்பியர் இழுத்தால் ரெகுலேற்றரில் ஒரு வாற் அளவு சூடு வரும். அலுமினியத் தகடு பூட்டாமல் விடாதீர்கள். உள்ளே 11 வோல்றுக்குக் கீழே இறங்கினால் 9 வோல்ற் நிலைக்காது. பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிடாவிட்டாலும் இரவுத் திருவிழா முழுக்கத் தாங்கும். பெரும்பாலான பெடலின் மின் துளையில் நடு முள் மறை, வெளிச்சுற்று நேர். மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே கொழுவுங்கள். நேர் முனையைக் கிரவுண்டாகக் கொண்ட பழைய வகை ஃபஸ் பெடலை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது, ஷோட் ஆகும். டிஜிற்றல் கீச்சுக்கும் இது மருந்தல்ல, அதற்கு முன்பு சொன்னது போல டிலேக்கு மின் தனியாக வர வேண்டும்.

இனி அறுந்துபோவது. கடற்காற்றில் ஜக்கின் உள் இதழ் பச்சை பூக்கும், கோடையில் செம்புழுதி படியும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, இதழைச் சற்று உள்ளே வளைத்து இறுக்குங்கள். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், எண்ணெயில் புழுதி ஒட்டும். பற்றரியில் மட்டும் அறுந்து அடப்டரில் ஒழுங்காக ஓடினால் உள்வழி ஜக்கின் நடு இதழைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களில் பற்றரியின் மறை முனை அந்த இதழ் வழியாகத்தான் இணைகிறது. வாசித்து முடிந்தும் வயரைக் கழற்றாவிட்டால் பற்றரி செத்துப்போவதும் அதனால்தான்.

பெடல்களுக்கு இடையிலுள்ள குட்டி வயர்களை மீற்றரின் பீப் நிலையில் வைத்து, இரு முனையையும் வளைத்து ஆட்டிப் பாருங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் பிளக்கடியில் வயர் அறுந்திருக்கிறது. வயர் சரி, மிதிக்கும்போது மட்டும் அறுகிறது என்றால் பெடலின் மிதிசுவிச் (உள்ளே ஒன்பது உலோகக் கால் உள்ளது) தேய்ந்திருக்கும். ஒவ்வொரு நிரையிலும் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே மிதித்து மிதித்து அளந்து பாருங்கள், வாசிப்பு ஒரு ஓமுக்குள் நிலையாக நிற்க வேண்டும். துள்ளினால் மாற்றுங்கள். புதிதுக்கு ஈயம் பிடிக்கையில் ஒரு காலில் மூன்று செக்கனுக்கு மேல் சூடு வைக்காதீர்கள், உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் இளகி, புதுச் சுவிச்சும் பழையது போலவே அறுக்கத் தொடங்கும்.