ஆய்வகத்தில் ஆபத்தைக் கண்டாலும் மாணவர்களும் ஊழியர்களும் வாய் திறப்பதில்லை. பேசவைக்க என்ன வழி?

முதலில் "யார் செய்தது?" என்ற கேள்வியை நிறுத்துங்கள். அது ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அடுத்த முறை உடைந்த குடுவை சத்தமில்லாமல் குப்பைக்குப் போய்விடும். "என்ன நடந்தது, இன்னும் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள்.

2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் தன்மையுள்ள சேர்மம் ஒன்றை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று வாய்வழியாகச் சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் தயாரித்ததோ சுமார் 10 கிராம். ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். முன்பு நடந்த சம்பவங்கள் முறையாகப் பதிவாகிப் பரவவில்லை என்பதை விசாரணை சுட்டிக்காட்டியது. அதனால் வரம்புகளை எழுதி ஒட்டுங்கள்.

வாராந்தரக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தை, விபத்தாகாமல் நூலிழையில் தப்பிய சம்பவங்களைப் பேச ஒதுக்குங்கள். பேராசிரியரே தன் தவறோடு தொடங்கட்டும். இதற்கு ஈடான வழி வேறில்லை. சம்பவத்தை எழுதிப் பெட்டியில் போடும் பதிவுத்தாளில் இடம், நடந்தது, உடனே செய்தது மட்டும் போதும், பெயர் கட்டாயமல்ல. எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் பலகையில் எழுதுங்கள். பதில் வராத பெட்டியில் யாரும் இரண்டாவது தாள் போடமாட்டார்கள்.

"நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை புதிதாகச் சேர்ந்தவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் உண்டு. ஆனால் எதை நிறுத்துவது என்பதையும் கற்றுக்கொடுங்கள். வெப்பம் உமிழும் வினையில் வேதிப்பொருள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். கலக்குவதையும் குளிர்விப்பதையும் நிறுத்தினால் நிலைமை மோசமாகும். நைட்ரிக் அமிலம் கரிமக் கரைப்பான் (அசிட்டோன், ஆல்கஹால் போன்றவை) கழிவோடு கலந்த புட்டியில் குமிழி வந்தால் மூடியைத் தொடாமல், எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட வேண்டும்.