பரிசலும் திமிங்கிலமும்: கேள்வி பதில்

உயிரினங்கள் பரிணமித்ததும் மனிதனின் கருவிகள் வளர்ந்ததும் ஒரே கதைதானா? முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்பதால் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பென்னாகரம்: ஐயா, ஒகேனக்கல் பரிசலில் தோல் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டதே, அதுவும் பரிணாமம்தானே?

பாதி சரி. பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அதே வட்டக் கூடை. முன்பு மேலே தோல்; இப்போது பிளாஸ்டிக் தாள், தார்ப் பூச்சு. பாறைக்கு நடுவே சுழலில் தாங்கியது நின்றது, தாங்காததை ஆறே கழித்துவிட்டது. இதுவரை இயற்கைத் தேர்வு மாதிரிதான்.

ஆனால் அந்த பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது? பரிசலின் பாட்டன் பூட்டன் யாரிடமும் அது இல்லை. எங்கோ ஒரு ரசாயன ஆலையில் பிறந்த சரக்கு. அடுத்த குடும்பத்துச் சொத்தை இப்படி வேண்டுமென்று எடுத்துக்கொள்ள எந்த விலங்காலும் முடியாது. வௌவால் பறவையிடம் இறகு கடன் வாங்கவில்லை. அதன் கைவிரல்கள் தலைமுறை தலைமுறையாக நீண்டு, இடையில் தோல் விரிந்துதான் சிறகானது.

காவேரிப்பட்டணம்: மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறோமே சார், இயற்கையில் அப்படிக் கலப்பு கிடையாதா?

மாவோடு மாவை ஒட்டலாம் தம்பி, வேம்போடு ஒட்டினால் பிடிக்காது. ஆனால் பாக்டீரியாக்கள் செய்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுவை வேறு இனத்துக்கே கைமாற்றிவிடும். நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாதான்.

ஓசூர்: மின்சார ஸ்கூட்டரைப் புது இனம் என்று சொல்லலாமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. மின்சார வண்டி பழசு. 1900 வாக்கில் அமெரிக்காவில் பெட்ரோல் காரோடு போட்டி போட்டு ஓடியது. பெட்ரோல் காரைக் கைப்பிடி சுற்றிக் கிளப்ப வேண்டும். 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. மின்சாரக் கார் ஓரங்கட்டப்பட்டது. அப்புறம் 1991இல் லித்தியம் அயான் பேட்டரி விற்பனைக்கு வந்தது. கேமராவிலும் செல்போனிலும் வளர்ந்த அந்த பேட்டரி, செத்துப்போன வண்டியை எழுப்பிவிட்டது. இன்று மின்சார ஸ்கூட்டர் ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கமும் தயாராகிறது.

உயிருக்கு அந்த வழி இல்லை. திமிங்கிலத்தின் மூதாதை நிலத்தில் நாலு காலில் நடந்தது. கடலுக்குத் திரும்பி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகியும், அதற்கும் முந்தைய மீன் மூதாதையிடம் இருந்த செவுள் திரும்பவில்லை. மூச்சு விட இன்றும் மேலே வந்தாக வேண்டும்.

அரூர்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையில் கல் கோடாரியும் கிடைத்தது, இரும்பும் கிடைத்தது. கல்தான் இரும்பாக மாறியதா?

இல்லை. அங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். கல்லை எவ்வளவு தீட்டினாலும் இரும்பாகாது. இரும்புத் தாதுவைக் கரியோடு உலையில் வைத்து ஊதத் தெரிய வேண்டும். கொல்லர் தான் கற்றதை மகனுக்கும் சொல்லித்தரலாம், பக்கத்து ஊர்க்காரருக்கும் சொல்லித்தரலாம். சம்மட்டி அடித்து முறுக்கேறிய அவருடைய புஜம் மட்டும் பிள்ளைக்குப் பிறவியில் வராது.